மஞ்சள் தேசமும் பச்சைத் தேசமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கோபாலபுரத்தில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் நான் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். என் பேத்தி தென் அமெரிக்காவைத் தரையில் விரித்துப் போட்டு அதற்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை. ஸ்பானிஷ் பேசும் தேசங்களுக்கு மஞ்சள். போர்த்துகீசிய மொழி பேசும் தேசங்களுக்குப் பச்சை. மஞ்சள் பென்சிலை அதற்குள் இரண்டு தடவை சீவியாகிவிட்டது. அர்ஜெண்டினா, சிலி, பெரு, பொலிவியா, கொலம்பியா என்று தென் அமெரிக்காவில் மாத்திரம் ஒன்பது தேசங்கள் மஞ்சள். மேலே மெக்ஸிகோ வரைக்கும் போனால் இன்னும் மஞ்சள். பச்சையோ ஒன்றே ஒன்று: பிரேஸில். ஆனால் அந்த ஒன்று, கூட்டுக் குடும்பத்தில் பெரிய மாமனார் கூடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருப்பது போல, கண்டத்தில் ஏறக்குறையப் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. நம் இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு!

"தாத்தா, சுற்றி எல்லாம் மஞ்சளாக இருக்கும்போது இது மட்டும் ஏன் பச்சை? எங்கேயோ இருக்கிற ஊரெல்லாம் நான் எதற்காகப் படிக்கவேண்டும்?" என்றாள், ஒரே மூச்சில்.

நேயர்களே, முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நான் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொலம்பஸ் 1492-ல் கடலைக் கடந்து போய்த் திரும்பி வந்தாரல்லவா? வந்த உடனே ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் தகராறு. புதிதாக அகப்படும் நிலமெல்லாம் யாருக்கு? 1494-ல் தோர்தெஸில்லாஸ் என்ற ஊரில் இரண்டு ராஜாங்கங்களும் உட்கார்ந்து உடன்படிக்கை எழுதின. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள வெர்டே முனைத் தீவுகளிலிருந்து 370 லீகு தூரத்தில், வடக்கே இருந்து தெற்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே ஸ்பெயின், கிழக்கே போர்த்துகல். தாயாதிகள் வரப்புப் போட்டுக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் தங்களுடையதல்லாத நிலத்தில், பார்த்தே இராத நிலத்தில், அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் வரப்புப் போட்டவர்கள் இவர்கள்தாம்!

அந்தக் கோடு தென் அமெரிக்காவின் கிழக்கு மூக்கை வெட்டிக்கொண்டு போயிற்று. 1500-ல் கப்ரால் என்ற போர்த்துகீசியத் தளபதி 13 கப்பல்களுடன் கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்டார். கவனியுங்கள், அவர் புறப்பட்டது நம்மிடம் மிளகு வாங்குவதற்கு. காற்றுக்காக மேற்கே வெகுதூரம் ஒதுங்கியவர் வழியில் பிரேஸில் கரையைக் கண்டார். இது நம் ராஜாவின் பாகம் என்று குறித்துவிட்டு, அதே வருஷம் கள்ளிக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தார். ஆக, பிரேஸில் பச்சையாக இருப்பதில் நம்முடைய மிளகுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பிற்பாடு அங்கே குடியேறியவர்கள் கோட்டைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். 1750-ல் பார்த்தபோது கோடு எங்கேயோ, தேசம் எங்கேயோ!

இதைச் சொல்லிவிட்டு, "எங்கேயோ இருக்கிற ஊரா? லஸ் முனை வரைக்கும் நடந்து வா, காட்டுகிறேன்" என்றேன்.

கோபாலபுரத்திலிருந்து ராயப்பேட்டை ஹைரோட்டைப் பிடித்து நேரே தெற்கே நடந்தால் லஸ் வந்துவிடும். 'லஸ்' என்றால் என்ன என்று அந்த முனையில் தினம் பஸ் ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. போர்த்துகீசிய மொழியில் வெளிச்சம் என்று அர்த்தம். கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் கரையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு தப்பினார்களாம். அந்த வெளிச்சம் தெரிந்த இடத்தில் மாதா கோயில் கட்டினார்களாம். பிரகாச மாதா கோயில் என்று நம்மவர்கள் அழகாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். கோயிலில் உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. அவ்வளவு பழையது இல்லை என்று வாதாடும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். இங்கிலீஷ்காரன் ஜார்ஜ் கோட்டைக்கு நிலம் வாங்கிய 1639-க்கு வெகு காலம் முன்னதாகவே மயிலாப்பூர்க் கடற்கரையில் போர்த்துகீசியர் ஊர் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த ஊர்தான் சாந்தோம். அதாவது ஸான் தோமே, புனித தோமையர்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. பேத்தியின் படத்தில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், பூமத்திய ரேகையை ஒட்டி, கடுகளவு இரண்டு பச்சைப் புள்ளிகள் இருந்தன. ஸான் தோமே, பிரின்ஸிப்பே என்ற தீவு தேசம். நம் சாந்தோமும் அந்தத் தேசமும் ஒரே பெயர்! பெயர் ஒன்றானாலும் தலைவிதி வேறு. ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து முதலில் கரும்பு போட்டார்கள்; பிற்பாடு கொக்கோ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகமாகக் கொக்கோ விளைவித்தது அந்தச் சின்னத் தீவுதான். சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்த பிறகும், அங்கோலாவிலிருந்து 'ஒப்பந்தம்' என்ற பெயரில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்கள் ஊர் திரும்பியது அபூர்வம். விஷயம் வெளியே வந்து நாறியதும் 1909-ல் இங்கிலாந்தின் சாக்லேட் கம்பெனிகள் அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. 1975-ல் அது சுதந்திர தேசமாயிற்று. நம்மூர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் இலங்கைக்கும் ஆள்கட்டிக் கொண்டுபோன கங்காணிகளின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது.

போர்த்துகீசியர் சாந்தோமை வெகு காலம் கட்டி ஆளவில்லை. 1662-ல் கோல்கொண்டா சுல்தானின் சேனை பிடித்துக்கொண்டது. பிறகு பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என்று கை மாறிக் கடைசியில் 1749-ல் இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. ஆனால் அவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்கள் நம் வீட்டிலே இருக்கின்றன. "மேஜை மேலிருக்கிற சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, துவாலையைக் கொண்டுவா, வரும்போது ஜன்னலைச் சாத்து" என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். அவள் சுத்தத் தமிழ் பேசுவதாகத்தான் எண்ணம். மேஜை, சாவி, அலமாரி, துவாலை, ஜன்னல் ஐந்தும் போர்த்துகீசிய வார்த்தைகள். சமையல் அறைக்குள் போனால் மிளகாய் இருக்கிறது. அது மஞ்சள் தேசங்கள் பக்கத்தில் விளைந்த சரக்கு. பச்சைக்காரன் கப்பலில் வந்தது. அதற்கு முன்னால் நம் முன்னோர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். பறங்கிக்காயோ வந்த வழியைத் தன் பெயரிலேயே சொல்லிக்கொண்டு நிற்கிறது.

லஸ்ஸில் நின்றுகொண்டு பேத்தி கேட்டாள்: "சரி தாத்தா, பச்சை வந்துவிட்டது. மஞ்சள் எங்கே? ஸ்பெயின்காரன் மெட்ராஸுக்கு வரவே இல்லையே?"

நல்ல கேள்வி! ஸ்பெயின்காரன் இங்கே கோட்டை கட்டவில்லை. மாதா கோயில் கட்டவில்லை. அவனுடைய பணம்தான் வந்தது. அது எங்கிருந்து, யார் முதுகில் ஏறி வந்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல ஆசைப்பட்டேன். சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன், மன்னியுங்கள்.

இன்றைய பொலிவியாவில் பொத்தோசி என்று ஒரு மலையூர். உயரம் 4,000 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். அப்படியானால் அங்கே மூச்சு வாங்குவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1545-ல் அங்கே ஒரு மலை முழுவதும் வெள்ளி இருப்பது தெரிந்தது. புல் முளைக்காத அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் அறுபது எழுபது வருஷத்துக்குள் ஒன்றரை லட்சம் ஜனங்கள் கூடிவிட்டார்கள். விலை மதிக்க முடியாத பொருளை 'ஒரு பொத்தோசி பெறும்' என்று ஸ்பானிஷ்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வெள்ளியைத் தோண்டியது யார்? மலைநாட்டுப் பழங்குடிக் கிராமங்கள். 1570-களில் வைசிராய் ஒரு திட்டம் போட்டார். கிராமத்து ஆண்களில் ஏழில் ஒருவர் வீதம், வருஷத்துக்குச் சுமார் 13,500 பேர், முறை வைத்துச் சுரங்கத்துக்கு வந்தாக வேண்டும். 'மீத்தா' என்று பெயர். பெண்டாட்டி பிள்ளைகளோடும், லாமா மிருகத்தின் முதுகில் மூட்டையோடும், வாரக் கணக்காக நடந்து வருவார்கள். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில், தோல் ஏணியில், தாதுக் கல்லைச் சுமந்து ஏறவேண்டும். வெளியே வந்தால் வேர்த்த உடம்பில் பனிக்காற்று. தாதுவைப் பாதரசம் போட்டுப் பிசைந்து வெள்ளி எடுத்தார்கள். அந்தப் பாதரசம் பிசைந்தவன் உடம்பிலும் ஏறிற்று. பசியும் களைப்பும் தெரியாமல் இருக்கக் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். இது இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. பொலிவார் என்ற வீரரின் காலத்தில், 1825-ல்தான் மீத்தா அடியோடு ஒழிந்தது. மலையை இன்னும் தோண்டுகிறார்கள். வெள்ளீயமும் துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளியும் கிடைக்கின்றன.

இவ்வளவு வெள்ளி வந்ததே, ஸ்பெயின் தேசம் குபேர பட்டணம் ஆகியிருக்கவேண்டுமல்லவா? அங்கேதான் பொருளாதாரம் என்ற பொல்லாத சாஸ்திரம் குறுக்கே வருகிறது. முகூர்த்த நாளில் எல்லோர் கையிலும் பணம் இருக்கிறது. பூவோ அதே பூ. பூக்காரி என்ன விலை சொல்கிறாள்? அதுபோல ஸ்பெயினில் வெள்ளி பெருகியது. கோதுமையும் துணியும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. விலைவாசி நூறு வருஷத்தில் நாலு மடங்கு ஏறிவிட்டது. உள்ளூர்ச் சரக்கின் விலை ஏறவே, வெளியூர்ச் சரக்கு உள்ளே நுழைந்தது. இரண்டாவது பிலிப் ராஜாவோ ஓயாமல் யுத்தம் செய்தார். வரப்போகும் கப்பலின் பேரில் வட்டிக்கு வாங்கினார். 1557, 1575, 1596 ஆகிய வருஷங்களில் கடனைத் திருப்ப முடியாது என்று கையை விரித்தார். உலகத்து வெள்ளிக்கெல்லாம் எஜமானர், திரும்பத் திரும்பத் திவால்!

அப்படியானால் வெள்ளி எங்கே போயிற்று? கடன்காரர்களும் சரக்கு விற்றவர்களும் இருந்த ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போயிற்று. அங்கிருந்து கிழக்கே வந்தது. ஐரோப்பியர்களுக்கு நம் துணி வேண்டும், மிளகு வேண்டும். அவர்களிடம் நமக்கு வேண்டிய சரக்கு என்ன இருந்தது? இந்த வெயிலில் கம்பளி யாருக்கு வேண்டும்? ஆகையால் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கும்பினிக் கப்பல் மெட்ராஸுக்கு வரும்போது அதில் இருந்த மதிப்பில் பெரும்பகுதி பெட்டி பெட்டியாக வெள்ளிதான். அதிலும் ஸ்பானிய நாணயம் ஏராளம். எட்டு ரியால் பெறும் பெரிய வெள்ளிக் காசு. அமெரிக்க டாலரே அந்தக் காசைப் பார்த்துப் பிறந்ததுதான். அதை உருக்கி நம் ஊர் ரூபாயாக அடித்தார்கள்.

இது மேற்கு வழி. கிழக்கு வழி இன்னும் சுவாரஸ்யம். ஸ்பெயின்காரர்கள் 1571-ல் பிலிப்பைன்ஸ் தீவில் மணிலாப் பட்டணத்தை நிறுவினார்கள். அந்தத் தீவுகளுக்குப் பிலிப் ராஜாவின் பெயர்தான். பழைய கோட்டை உருண்டைப் பூமியின் அந்தப் பக்கமும் இழுத்தால், அவை போர்த்துகல் பங்கில் விழுகின்றன. அதைப் பற்றி ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை! மெக்ஸிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து வருஷா வருஷம் வெள்ளியை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குப் பெரிய கப்பல் வரும். பட்டும் பீங்கானும் பருத்தித் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பும். அந்தப் பருத்தித் துணியில் நம் சோழ மண்டலக் கரைத் துணியும் உண்டு.

மணிலாவுக்கு இங்கிலீஷ் கப்பல் வரக்கூடாது என்பது ஸ்பானிய சர்க்காரின் உத்தரவு. கோட்டையில் இருந்த துரைமார்கள் சும்மா இருப்பார்களா? போர்த்துகீசியர் பெயரிலும் ஆர்மேனிய வியாபாரிகள் பெயரிலும் சரக்கை அனுப்பினார்கள். அந்த ஆர்மேனியர்களில் பெரிய புள்ளி கோஜா பெட்ரூஸ் உஸ்கான். மணிலா வியாபாரத்தில் நல்ல லாபம் கண்டவர். 1726-ல் அவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். 30,000 வராகன் செலவு என்பார்கள். பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவரே. மாம்பலம் என்ற நம் ஊரை வாயில் நுழையாமல் 'மார்மலாங்' ஆக்கினார்கள் வெள்ளைக்காரர்கள். பாலத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அந்த இடத்தில் இப்போது இருக்கும் மறைமலை அடிகள் பாலம் 1966-ல் வந்தது. மெக்ஸிகோ மலையில் தோண்டிய வெள்ளி, மணிலாவில் கைமாறி, சைதாப்பேட்டையில் கல்லும் சுண்ணாம்பும் ஆயிற்று.

உஸ்கானாவது பாலம் கட்டினார். துணி நெய்தவனுக்கு என்ன மிஞ்சிற்று? அவன் முன்பணம் வாங்கிக்கொண்டு நெய்தவன். அவனுக்கும் கப்பலுக்கும் நடுவே தரகன், துபாஷி, கும்பினிக் குமாஸ்தா என்று எத்தனையோ கைகள். நூல் விலை ஏறினால் நஷ்டம் அவனுக்கு. தறியில் இருக்கும் துணி ஏற்கெனவே இன்னொருவனுடையது. பொத்தோசியில் தோண்டியவனும் காஞ்சிபுரத்துப் பக்கம் நெய்தவனும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஒரே காசின் இரண்டு முனைகளில் இருவரும் இருந்தார்கள்.

1762-ல் இன்னொரு கூத்து. இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் யுத்தம் மூண்டது. வியாபாரம் செய்து வாங்கிய வெள்ளியை நேரே போய்ப் பிடுங்கினால் என்ன என்று தோன்றிவிட்டது போலும்! மெட்ராஸிலிருந்து டிரேப்பர் என்ற தளபதி கப்பல் படையுடன் புறப்பட்டார். சுமார் அறுநூறு இந்தியச் சிப்பாய்களும் கூடப் போனார்கள். அக்டோபர் 6-ந் தேதி மணிலா விழுந்தது. 40 லட்சம் டாலர் கப்பம் கேட்டார்கள், முழுதும் வசூலாகவில்லை. 1763-ல் சமாதானம் ஆகி, 1764-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படை கிளம்பியது. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கிளம்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கி, அந்த ஊர்ப் பெண்களை மணந்து, அங்கேயே குடியும் குடித்தனமும் ஆகிவிட்டார்கள். நிறமும் முகஜாடையும் நம் பக்கத்தை நினைவுபடுத்தும் சந்ததியார் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள். எந்தத் தாய் எந்தத் தெருவில் எத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, அது எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறவில்லை.

திரும்பி வரும் வழியில் பேத்தி கேட்டாள்: "நம்ம ஊரிலிருந்து அங்கே ஒன்றுமே போய்ச் சேரவில்லையா தாத்தா? அவர்கள் சாமான்தான் நம் வீட்டில் இருக்கிறதா?"

போயிருக்கிறது. மெக்ஸிகோவில் குடியானவர்கள் கழுத்திலும் தலையிலும் பூப்போட்ட வர்ணக் கைக்குட்டை கட்டிக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'பாலியகாத்தே' என்று பெயர். நமக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஏரிக்கரையில் இருக்கிறதே பழவேற்காடு, அந்தப் பெயரைப் போர்த்துகீசியர் உச்சரித்த விதம் அது. பழவேற்காட்டுக் கைக்குட்டை என்று கடல் கடந்து போன சரக்கு, போன இடத்தில் ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டுவிட்டது.

ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து 1810-ல் மெக்ஸிகோவில் கலகம் கிளம்பியபோது, அதை நடத்தியவர்களில் ஒருவர் மொரேலோஸ் என்ற பாதிரியார். அவருடைய படம் எதைப் பார்த்தாலும் தலையில் ஒரு கைக்குட்டை கட்டியிருக்கும். அது பாலியகாத்தே. 1813-ல் அவர் அக்காபுல்கோ துறைமுகத்தைப் பிடித்தார். 1815-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷத்தோடு மணிலாக் கப்பலும் நின்றுபோயிற்று. ஆறு வருஷம் கழித்து 1821-ல் மெக்ஸிகோ சுதந்திரம் அடைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி மறுபடி தரையில் உட்கார்ந்தாள். பச்சையையும் மஞ்சளையும் தள்ளி வைத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அக்காபுல்கோ, மணிலா, சைதாப்பேட்டை, பழவேற்காடு என்று நாலு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தாள். பழவேற்காடு அவளுடைய படத்தில் இல்லை. ஓரத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டாள்.